எரிவதற்கும் ஒரு பிரதி

பேரிடர் மீட்புத் திட்டம் எல்லா நிறுவனங்களிடமும் இருக்கிறது. சில இடங்களில் அது பேரிடரில் முதலில் போகப்போகும் அதே சர்வரில் இருக்கிறது.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து சாம்பலானது. வாடிக்கையாளர்கள் சிலர் முன்யோசனையோடு பேக்கப் வைத்திருந்தார்கள், அதே வளாகத்தில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற சாமர்த்தியம். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜியோன் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் போயின. வெளியே பிரதி இல்லாததற்குக் காரணம், அளவு மிகப் பெரியதாம். இழப்பதற்கு மட்டும் அளவு தடையாக இருக்கவில்லை.

உஷாரானவர்கள் மும்பையில் ஒன்று, ஹைதராபாத்தில் ஒன்று என்று டேட்டாபேஸை ஓடவிடுகிறார்கள். ஆனால் ஒன்றில் நடப்பதை மற்றதிலும் அப்படியே செய்யும் ரெப்ளிகேஷனுக்கு எதிர்க்கேள்வி கேட்கத் தெரியாது. மும்பையில் ஒருவர் அட்டவணையையே அழிக்கும் 'டிராப் டேபிள்' கட்டளையைத் தட்டினால், சில நொடிகளில் ஹைதராபாத்திலும் சுத்தம். விரலிலிருந்து தப்ப, பழைய நேரத்துக்குத் திரும்ப உதவும் தனி பேக்கப் வேண்டும்.

அதுவும் இருந்தால் போதாது. 2017இல் பொறியாளர் ஒருவர் முதன்மை டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்த பிறகுதான், தங்களுடைய ஐந்து பாதுகாப்பு வழிகளில் எதுவும் நம்பும்படி இல்லை என்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம் கண்டுகொண்டது.

ஆகவே, ஆண்டுக்கு ஒரு நாளாவது முதன்மையை அணைத்து, மாற்று எழுகிறதா என்று பாருங்கள். எழாவிட்டால், தீபாவளி விற்பனைக்கு முன்பே தெரிந்தது லாபம்.