தலா ஒன்றரை ரூபாய்

பிரசவ வார்டுக்கு வெளியே மற்ற அப்பாக்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, நம் கணக்கு அப்பா மட்டும் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்திருப்பார். பிறந்த குழந்தைக்கு நாளைக்கு எட்டுத் தடவையாவது டயப்பர் மாற்ற வேண்டும். துடைக்கத் தடவைக்கு மூன்று வைப்ஸ் என்றால் 24. 72 எண்ணிக்கை கொண்ட பாக்கெட் மூன்றே நாளில் காலி. மாதத்துக்குப் பத்து பாக்கெட். ஒன்று 108 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தலா ஒன்றரை ரூபாய். நர்ஸ் வெளியே வந்து, "பெண் குழந்தை சார்!" என்கிறார். "1,080 வருது சிஸ்டர்" என்கிறார் இவர்.

கடையில் பாக்கெட்டின் முன்பக்கத்தில் சிரிக்கும் குழந்தையை இவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. திருப்பிப் போட்டு, எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 'ஒன்றின் விலை'யைத் தேடுவார். அதை அச்சிடச் சொல்லும் சட்ட விதியை வகுத்த அதிகாரிகள் இவரைப் பார்த்தால் கண் கலங்கிவிடுவார்கள். பிளாஸ்டிக் மூடி போட்ட பாக்கெட்டை விட, வெறும் ஸ்டிக்கர் ஒட்டியது தலா பத்து பைசா குறைவு. ஸ்டிக்கரின் பசை போனதும் உள்ளே உள்ளதெல்லாம் அப்பளமாகக் காய்ந்துவிடும் என்பது இவர் கணக்கில் வராது. ஆடித் தள்ளுபடியில் நாற்பது பாக்கெட் வந்து இறங்கின. பீரோவில் வேட்டி வைக்க இடமில்லை.

மூன்றாம் நாளே குழந்தையின் தொடை இடுக்கு சிவந்துவிட்டது.

"வைப்ஸை நிறுத்திட்டு வெந்நீர்ல துடைங்க. ஈரம் போனதும் டயப்பர் போடுங்க" என்றார் டாக்டர். "டாக்டர், இன்னும் முப்பத்தொன்பது பாக்கெட் இருக்கு" என்றார் இவர். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அன்று இரவு இவர் முதல் தடவையாக 'உட்பொருட்கள்' பகுதியைப் படித்தார். வைப்ஸில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் இருந்தால் கிருமி வரும். கிருமி வராமல் இருக்கப் பதப்படுத்தும் பொருள் வேண்டும். சோடியம் பென்சோயேட், பீனாக்ஸிஎத்தனால் ஆகியவை பரவலாகச் சேர்க்கப்படுபவை. இன்னொன்று மெத்தில்ஐசோதையசோலினோன். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்ற பட்டத்தை இதற்குத்தான் சூட்டியது. பூசியபின் கழுவாமல் விடும் பொருட்களில் இது சேரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடையே போட்டது. இப்போது இவர் அந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்வார். மருந்துக்கடைப் பையன் ஸ்டூலை விட்டு எழுந்து நின்று கேட்பான்.

மிச்சமிருந்த வைப்ஸ் வீணாகவில்லை. பைக், டி.வி., மிக்ஸி, மாமனாரின் மூக்குக் கண்ணாடி எல்லாம் பளபளத்தன. பாக்கெட் காய்ந்தபோது கேன் தண்ணீரை உள்ளே ஊற்றப் போனார். "ஏங்க, அதுல தண்ணி ஊத்தினா மருந்தோட அளவு குறைஞ்சு கிருமி வளரும்" என்று மனைவி பிடுங்கி வைத்தார். பாக்கெட்டைக் கவிழ்த்து வைத்தால் ஈரம் மேல் வைப்ஸுக்கு இறங்கும் என்ற செலவில்லாத யோசனையும் மனைவியுடையதுதான். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், மலக்கிருமி சிறுநீர்த் துவாரத்துக்குப் போய்விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் அவரே.

குப்பைப் பை மிச்சம் பிடிக்க, துடைத்ததைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றியது மட்டும் இவரது சொந்தக் கண்டுபிடிப்பு. வைப்ஸ் காகிதம் அல்ல. பலவும் பாலியெஸ்டர் கலந்த துணி. தண்ணீரில் கரையாது. 2017இல் லண்டன் வைட்சேப்பலில் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் அடைத்துக்கொண்டதும் கொழுப்போடு இறுகிப்போன வைப்ஸ்தான். இவர் வீட்டில் அவ்வளவு இல்லை. பிளம்பர் ஒரு வாளிதான் எடுத்தார். கூலி மட்டும் ஒரு மாத வைப்ஸ் பட்ஜெட்டைத் தாண்டியது.

"டேய், உன்னை வளர்த்தப்ப ஒரு சொம்பு வெந்நீரும் உங்க அப்பாவோட பழைய வேட்டியும்தாண்டா" என்றார் அம்மா. இவர் விடுவாரா? மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வை எடுத்து நீட்டினார். 2012இல் வெளிவந்தது. 280 பச்சிளங்குழந்தைகள், பாதிப் பேருக்குப் பஞ்சும் தண்ணீரும், மீதிப் பேருக்கு வைப்ஸ், தோலின் ஈரப்பதத்தில் வைப்ஸ் தண்ணீருக்குக் குறைந்ததில்லை.

"அந்த ஆராய்ச்சிக்கு யாருடா பணம் குடுத்தா?"

இவர் கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தார். வைப்ஸ் தயாரிக்கும் நிறுவனம். ஆய்வு பொய்யில்லை, ஆனாலும் அம்மாவின் முகத்தை இவர் பார்க்கவில்லை.

இப்போது வீட்டில் வெந்நீரும் வேட்டித் துணியும். பஸ்ஸுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மட்டும் வைப்ஸ். மாதம் ஒரு பாக்கெட் போதும்.

புதிதாக வாங்குகிறவர்கள் தள்ளுபடிக் குவியல் பக்கம் போகாமல், வாசனை சேர்க்காத சின்ன பாக்கெட் ஒன்றைக் காலாவதித் தேதி பார்த்து எடுங்கள். குழந்தைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் கவனியுங்கள். சிவந்தாலோ தோல் உரிந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். 'தலா எவ்வளவு' கணக்கை அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.