பாதியில் நின்ற முகம்

மாமல்லபுரத்துச் சிற்பி பாறையில் வேண்டாததைச் செதுக்கி எறிவார். திருப்போரூர் அடுக்ககத்து லெகோ சிற்பி வேண்டியதைக் காசு கொடுத்துப் பொருத்துவார். 2020இல் வந்த லெகோ ஆர்ட் வரிசையில் பலகை 48க்கு 48. அதாவது 2,304 பொட்டு வைத்தால் ஒரு மர்லின் மன்றோ. அதுவும் கிட்டே போனால் வெறும் கட்டம்தான்; தள்ளி நின்றால்தான் கண்ணும் மூக்கும் கூடிவரும். நம் ஹாலில் தள்ளி நிற்க இடம் ஏது? லிப்ட் வாசல்வரை பின்வாங்கிய மாமியார், “நம்ம சரோஜாதேவிதானே, மாப்பிள்ளை?” என்றாராம். உளி தவறினால் சிற்பிக்குப் பாறை போச்சு. லெகோ சிற்பிக்குத் தப்பாக வைத்ததை நெம்பும் நகம் மட்டும்தான். பாதியில் விட்டாலும் பயமில்லை. பல்லவர்களே மாமல்லபுரத்தில் பல வேலைகளை அரைகுறையாக விட்டுப் போனார்கள்; யுனெஸ்கோ 1984இல் பாரம்பரியச் சின்னம் என்று பட்டியலில் சேர்த்துக்கொண்டது.