கட்டையடுக்கு விளையாட்டினரிடையே கிரானைட் மதிப்பு: காவேரிப்பட்டினம் நோக்கில் ஓர் ஒப்பாய்வு

காவேரிப்பட்டினத்தில் ஓடுவது தென்பெண்ணை. பூம்புகார் வேறு ஊர். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே சிலப்பதிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறும் அறிஞர்களின் பயணப்படியை மிச்சப்படுத்தவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இனி ஆய்வுப் பொருள். மைன்கிராஃப்ட், டெரேரியா, ரோப்ளாக்ஸ் போன்ற கட்டையடுக்கு மின்விளையாட்டுகளை ஆடுவோர் தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றனர்? முன்னோர் வயதால் பிரித்தனர் (காண்க: 'வளர்ந்தா சரியாயிடும்', பாட்டி வாய்மொழி, திண்ணைப் பதிப்பு). செல்போன் யாருடையது என்பதால் பிரித்தோரும் உளர். குவாரிகள் உள்ள எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கிரானைட்டால் பிரிக்காமல் வேறு எதனால் பிரிப்பது?

இவற்றுள் எதையும் நான் ஆடியதில்லை. ஆய்வாளனுக்கு நடுநிலை அப்படித்தான் வாய்க்கிறது. தரவு முழுவதும் எதிர்வீட்டுப் பையனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் திரட்டியது. விரிவான நேர்காணலில் அவன் கூறியது: "மாமா, லைட்ட மறைக்காதீங்க."

மைன்கிராஃப்டார். 2011-இல் முழுவடிவில் வந்த ஆட்டம். கிரானைட் புகுந்தது 2014-இல். அன்றிலிருந்து அதற்கு மரியாதை இல்லை. மரப் பிக்காசால் தட்டினாலே பெயர்ந்துவிடுகிறது. ஒரு கட்டை ஒரு கன மீட்டர். நிஜக் கல்லானால் ஏறக்குறைய 2.7 டன். இப்படி 64 கட்டைகளைப் பையின் ஒரே கட்டத்துக்குள் திணித்துக்கொண்டு, சுமார் 170 டன்னோடு பையன் குதித்து ஓடுகிறான். ஓசூர் ரோட்டில் ஒரு லாரி இதைச் செய்தால் ஆர்.டி.ஓ. சும்மா விடுவாரா?

கொடுமை இன்னும் உண்டு. நம் குவாரிகளில் வைரத்துகள் பதித்த கம்பியால் கிரானைட்டை அறுக்கிறார்கள். இவனோ கிரானைட்டை வீசிவிட்டு வைரம் தேடுகிறான். மாவட்டப் பொருளாதாரத்தையே தலைகீழாகப் பிடித்திருக்கிறான் என்பது என் துணிபு (காண்க: 'கல்லும் கிறுக்கும்', டீக்கடை பெஞ்சு ஆய்விதழ், மழைக்கால மலர், மறுப்பு: அதே பெஞ்சு, மறுமுனை, மறுப்புக்கு மறுப்பு: நிப்பட்டு சுற்றிவந்த தாள், எண்ணெய் ஊறாத ஓரம், இறுதித் தீர்ப்பு: கை துடைத்ததில் அழிந்துபோயிற்று).

டெரேரியார் அடக்கமானவர்கள். அங்கே கிரானைட் குகைக்குள் நுழைந்தால் கல்லே எழுந்து வந்து அடிக்கும். குவாரி லாரிக்குப் பின்னால் பைக் ஓட்டியவர்களிடம் காணும் அதே பணிவு இவர்களிடமும் உண்டு.

ரோப்ளாக்ஸாருக்குக் கிரானைட் வெறும் மேற்பூச்சு. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

எஞ்சுவது லுவாண்டி. 2010-இல் மைன்டெஸ்ட் என்று தொடங்கி 2024-இல் பெயர் மாற்றிக்கொண்டது. இலவசம், எந்தக் கல்லையும் அவரவரே படைத்துச் சேர்க்கலாம். எங்கள் தெருவில் இதை ஆடுவோர் ஒருவரும் இல்லை. மறுத்துப் பேச ஆளில்லாத வசதி கருதி, வரவிருக்கும் என் நூலின் இரு தொகுதிகளையும் இச்சமூகத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.