கிரகணத்தைக் காட்டிச் சோறு வாங்கியவர்

நம் வீடுகளில் கிரகணம் பிடித்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் பதார்த்தத்தில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, விடும்வரை எல்லோரும் பட்டினி. அதே கிரகணத்தைக் காட்டிச் சாப்பாட்டை வரவழைத்த பெருமை கிறிஸ்டோபர் கொலம்பஸுக்கு உண்டு. இடம், ஜமைக்கா.

1503 ஜூன் மாதம். கப்பல்களைக் கடற்புழு அரித்துச் சல்லடையாக்கிவிட்டது. ஜமைக்காவின் வடகரையில் அவற்றை மணலில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தவர், ஒரு வருடம் எழுந்திருக்கவில்லை. அங்கே வாழ்ந்த தைனோ மக்கள் பாவம், மணியும் பாசியும் வாங்கிக்கொண்டு மரவள்ளி ரொட்டியும் மீனும் கொடுத்துப் பார்த்தார்கள். இதற்கிடையில் கொலம்பஸின் ஆட்களில் பாதிப் பேர் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போய், அக்கம்பக்கத்து ஊர்களில் கொள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். தைனோக்கள் சாப்பாட்டை நிறுத்தினார்கள். கிளம்பும் தேதி சொல்லாத விருந்தாளிக்கு எந்த ஊரிலும் அதுதான் மரியாதை.

கொலம்பஸ் கையில் ரெஜியோமொண்டானஸ் என்ற ஜெர்மானியர் கணித்த பஞ்சாங்கம் இருந்தது. 1504 பிப்ரவரி 29, சந்திர கிரகணம். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, சோறு போடாததால் என் சாமிக்குக் கோபம், இன்று ராத்திரி நிலாவைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே நிலா சிவந்தது. மூட்டை மூட்டையாகச் சாப்பாடு வந்தது. இவர் 'சாமியிடம் பேசிவிட்டு வருகிறேன்' என்று அறைக்குள் போய் மணல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிரகணம் விடும் நேரத்துக்குச் சரியாக வெளியே வந்து, மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டதாக அறிவித்தார். பாம்புப் பஞ்சாங்கம் வைத்திருக்கும் எந்தப் பாட்டிக்கும் சாத்தியமான வித்தைதான். பாட்டிகள் யாரும் அதை வைத்துத் தீவு பிடிக்கவில்லை, அவ்வளவே.

அந்த மரவள்ளி ரொட்டி இன்றும் உண்டு. பெயர் பாமி. கிழங்கைத் துருவி, விஷச்சாறு போகப் பிழிந்து, வட்டமாகத் தட்டிக் கல்லில் சுடுவார்கள். பிறகு தேங்காய்ப் பாலில் ஊறவைத்துப் பொரித்தால் வறுத்த மீனுக்கு அதைப்போல் ஜோடி கிடையாது. ரொட்டி கொடுத்தவர்கள்தான் அடுத்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஏறக்குறைய இல்லாமல் போனார்கள். வேலையும் வியாதியும் ஸ்பெயினிலிருந்து வந்தன.

ஸ்பானியர்கள் கடல் கடந்ததே மிளகுக்கு. கிடைத்ததோ வேறொரு மரத்துக் காய். காய்ந்தால் மிளகு போல உருண்டை, மென்றால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் ஒன்றாக வாசம் அடிக்கும். வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? மிளகைக் குறிக்கும் தங்கள் சொல்லையே அதற்கும் வைத்துவிட்டார்கள். மிளகாயைப் பார்த்தபோதும் அதே பெயர்தான். ஜமைக்காக்காரர்கள் இன்றைக்கும் அந்தக் காயைப் பிமென்டோ என்றே சொல்கிறார்கள். நம்மூர்க் கடையில் ஆல்ஸ்பைஸ் என்று கேட்டால் கிடைக்கும்.

1655-ல் இங்கிலாந்திலிருந்து பென், வெனபிள்ஸ் என்று இரண்டு தளபதிகள் வந்தார்கள். அந்நாட்டை அப்போது ஆண்ட குரோம்வெல் பிடிக்கச் சொன்னது பக்கத்திலிருந்த பெரிய தீவான ஹிஸ்பானியோலாவை. அங்கே உதை வாங்கினார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று வழியில் காவல் குறைவாக இருந்த ஜமைக்காவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மளிகைக் கடையில் சொன்ன சாமான் இல்லை என்று வேறெதையோ வாங்கிவந்த கணவனுக்கு நடப்பதுதான் நடந்தது. இருவரையும் லண்டன் கோபுரச் சிறையில் போட்டார் குரோம்வெல்.

இந்தக் கலவரத்தில் ஸ்பானியர்களின் அடிமைகள் மலையேறிவிட்டார்கள். பின்னால் ஆங்கிலேயர் தோட்டங்களிலிருந்து தப்பியவர்களும் மலைக்கே போனார்கள். இவர்கள்தான் மரூன்கள். காட்டுப்பன்றியை அடித்து, பிமென்டோவும் மிளகாயும் பூசி, பிமென்டோ விறகிலேயே வாட்டினார்கள். புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று குழி வெட்டி மூடிச் சுட்டதாக அங்கே கதை சொல்வார்கள். அதுதான் ஜெர்க். பல வருடம் சண்டை போட்டும் மலை மசியவில்லை. 1739-ல் ஆங்கிலேயர்களே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். மரூன்களின் தலைவி நானியின் படம் இன்று 500 டாலர் நோட்டில். ஜெர்க் சாப்பிடப் போர்ட்லண்டில் உள்ள போஸ்டன் பேக்குப் போக வேண்டும். மற்ற ஊர்களில் தகர டிரம்மைப் பாதியாகப் பிளந்து அடுப்பாக்கி, தெருவோரமே இப்போது புகை விடுகிறார்கள். ஒளிவதற்கு அவசியம் இல்லை.

காலவரிசை கெட்டால் கெடட்டும், கறி ஆறிவிடும். 1838-ல் அடிமைமுறை முழுதாக ஒழிந்ததும், மலிவான கூலிக்கு ஆள் இல்லையே என்று தோட்டக்காரர்கள் அழுதார்கள். 1845 மே 10 அன்று பிளண்டெல் என்ற கப்பல் ஓல்ட் ஹார்பர் பேயில் இந்தியர்களை இறக்கியது. 1917 வரை சுமார் 36,000 பேர். பெரும்பாலோர் வடக்கத்திக் கிராமத்தவர், மதராஸ் பக்கமிருந்தும் சிலர். அவர்கள் கொண்டுபோன மசாலாவில் மஞ்சளைத் தூக்கலாக்கி, பிமென்டோ சேர்த்து, ஸ்காட்ச் பானெட் என்ற குண்டு மிளகாயை உள்ளே விட்டால் 'கறி கோட்'. ஆட்டுக்கறி இல்லை, கறி ஆடு. வார்த்தையைத் திருப்பிப் போட்டால் அங்கே திருத்துவார்கள். ஆட்டின் தலையும் குடலும் தனியாக மேனிஷ் வாட்டர் என்ற சூப்பாகிக் கல்யாண மாப்பிள்ளையிடம் போகும். எதற்கு என்று கேட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கிறிஸ்துமஸ் சோற்றில் தேங்காய்ப் பாலோடு வேகும் கங்கோ பீஸ் வேறு யாருமல்ல, நம் துவரை.

இப்போது வில்லியம் பிளை. ளகரத்துக்கு ழகரம் போட்டு அச்சுக் கோத்தாலும் தப்பில்லை.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் உணவுக் கப்பல்கள் நின்றன, புயலும் அடித்தது, ஜமைக்காவில் ஆயிரக்கணக்கான அடிமைகள் பட்டினியால் செத்தார்கள். முதலாளிகளுக்கு மனம் இளகியது. கூலி கொடுக்கலாம் என்றல்ல, தாஹிட்டித் தீவில் மரத்திலேயே ரொட்டி காய்க்கிறதாமே, அதைக் கொண்டுவரலாம் என்று. நம்மூரில் சீமைப்பலா, யாழ்ப்பாணத்தில் ஈரப்பலா என்போமே, அந்தக் காய்தான். கேப்டன் பிளையின் பெரிய அறையையே நாற்றங்காலாக்கிக்கொண்டு பவுண்ட்டி கப்பல் போனது. ஐந்து மாதம் தாஹிட்டியில் தங்கி ஆயிரத்துச் சொச்சம் கன்றுகளோடு கிளம்பியது. 1789 ஏப்ரல் 28 அன்று மாலுமிகள் கலகம் செய்து, பிளையையும் பதினெட்டுப் பேரையும் 23 அடிப் படகில் இறக்கிவிட்டுக் கன்றுகளைக் கடலில் வீசினார்கள். மனுஷன் அந்தப் படகிலேயே சுமார் 3,600 கடல் மைல் ஓட்டித் தீமோர் போய்ச் சேர்ந்தார். வேறு யாராவது என்றால் வாழ்நாளில் செடி என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டார்கள். இவர் இன்னொரு கப்பலில் மறுபடியும் போய், 1793-ல் கன்றுகளை ஜமைக்காவில் இறக்கியே விட்டார்.

அடிமைகள் ஒரு வாய் கடித்துப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை. பன்றிக்குப் போட்டார்கள்.

அவர்களுக்குப் பிடித்தது வேறொரு பழம். பிளைக்கு முன்பே, 1778 வாக்கில், அடிமைக் கப்பலில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அக்கி. லிச்சிக்கும் பூந்திக்கொட்டைக்கும் பங்காளி முறை. தோல் சிவப்பு, கொட்டை கறுப்பு, தின்னும் சதை வெளிர் மஞ்சள். மரத்திலேயே தானாக வாய் பிளக்கும்வரை அதைத் தொடக் கூடாது. அவசரப்பட்டுப் பறித்துத் தின்றால் விஷம், ஆளையே கொன்றுவிடும். அமெரிக்கா 1973 முதல் 2000 வரை அக்கி டப்பாவை ஊருக்குள் விடவில்லை.

இதற்குத் துணையாக வந்தது கனடாப் பக்கத்துக் காட் மீன் கருவாடு. நல்ல ரகம் ஐரோப்பாவுக்கு, உடைசலும் கழிசலும் அடிமைகளுக்கு என்பது வியாபாரிகள் கணக்கு. அந்தக் கழிசலை ராத்திரி ஊறவைத்து, வேகவைத்து, உதிர்த்து, வெங்காயம் மிளகாயோடு வதக்கி, வெந்த அக்கியைக் குழையாமல் புரட்டினார்கள். பார்க்க முட்டைப் பொரியல் மாதிரி இருக்கும். இன்று அதுதான் தேசிய உணவு. நல்ல ரகம் தின்ற ஐரோப்பியர்கள் விமானம் ஏறி வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

பிளை திரும்பும்போது இங்கிலாந்துக்கு ஓர் அக்கி மாதிரியும் எடுத்துப் போனார். பின்னால் தாவரவியல்காரர்கள் அக்கிக்கு பிளையியா சபிடா என்று அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். கப்பலைப் பறிகொடுத்துச் சுமந்த காய்க்கு அவர் பெயர் இல்லை. கிங்ஸ்டனில் காலை டிபன் கடையில் போய் 'பிளையியா ஒரு ப்ளேட்' என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மா உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அக்கியும் கருவாடும் வைத்து, ஓரமாக இரண்டு துண்டு பொரித்த சீமைப்பலாவையும் போடுவார். இருநூறு வருடத்தில் அதுவும் பிடித்துப்போய்விட்டது.