டார்ச் அங்கிள்

பெங்களூரில் எந்த ஏரியாவுக்குக் குடிபோனாலும் மெயின் ரோடும் கிராஸ் ரோடும்தான் மாறும். டார்ச் அங்கிள் மாறமாட்டார். பொதுத்துறைத் தொழிற்சாலையில் 35 வருஷம் குவாலிட்டி கண்ட்ரோல் பார்த்து ரிட்டயர் ஆனவர். தொழிற்சாலை அவரை விட்டுவிட்டது. அவர் கண்ட்ரோலை விடவில்லை. தலையில் மங்கி கேப், மேலே அரைக்கை ஸ்வெட்டர், கீழே வேட்டி, அதற்கும் கீழே கான்வாஸ் ஷூ. பட்டப்பகலில் கையில் டார்ச். புதிதாகப் பார்ப்பவர்கள் பாவம், கண் சரியாகத் தெரியாது போல என்று கைப்பிடித்து ரோடு தாண்டிவிட வருவார்கள். தாண்டிவிட்டதும் அவர்கள் வீட்டுப் பூந்தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரிப்பார்.

நான் குடிவந்து பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலிங் பெல் அடித்தது.

"தமிழா?"

"ஆமா அங்கிள்."

"ரொம்ப சந்தோஷம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

எந்த ஊர், என்ன சம்பளம், கல்யாணம் ஆச்சா ஒன்றும் கிடையாது. நேரே சமையலறைக்குப் போய் மண்டியிட்டு, ஃப்ரிட்ஜின் முதுகில் இருந்த தட்டை உருவினார். அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டார்ச் வெளிச்சத்தில், அரை அங்குலத் தண்ணீரில், கமா போட்ட மாதிரி ஏழெட்டு உருப்படிகள் நெளிந்துகொண்டிருந்தன.

"நீங்க வந்து எத்தனை நாளாச்சு?"

"பத்து நாள் அங்கிள்."

"இவங்க வந்து ஆறு நாளிருக்கும். பத்து மாச அட்வான்ஸ் கொடுக்காம பெங்களூர்ல குடிவந்தது இவங்கதான்."

தட்டைக் கவிழ்த்தார். பிறகு பாடம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைப் பக்கம் போகாது, சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். "கௌரவமான குடும்பம்" என்றார். ராத்திரித் திருட்டு அதற்குப் பழக்கமில்லை, பகலில்தான் கடிக்கும். அதிலும் பெண் கொசு மட்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால்தான் அவருக்கு ஞாயிறுதோறும் சோதனை. "வாரா வாரம் கவுத்துட்டா அது எஸ்எஸ்எல்சியே தாண்டாது தம்பி. பறக்க விட்டுட்டு அப்புறம் புகை போட்டு என்ன பிரயோஜனம்?"

இதையே பூக்காரம்மாவிடம் கன்னடத்திலும், பிஜி பையன்களிடம் இந்தியிலும், மாடி வீட்டு அம்மாவிடம் தெலுங்கிலும் சொல்வார். நாலு மொழியிலும் அவரைக் கண்டால் ஒளிகிறவர்கள் உண்டு. இளநீர்க்காரர் மட்டும் ஒளிய முடியாது. வெட்டிப்போட்ட மட்டைகளை அங்கிள் குப்புறத் திருப்பி முடிக்கும்வரை அவருக்கு வியாபாரம் நடக்காது.

அங்கிளின் பொற்காலம் 2020. கொரோனாவுக்காக வீட்டுத் தனிமையில் இருப்பவர்கள் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை மணிக்கொரு செல்ஃபி அனுப்ப வேண்டும் என்று அந்த மார்ச் கடைசியில் கர்நாடக அரசு உத்தரவு போட்டது. அரசாங்கம் மணிக்கு ஒன்று கேட்டால் அங்கிள் அரைமணிக்கு ஒன்று கேட்டாராம், பின்னணியில் ஃப்ரிட்ஜ் தெரிகிற மாதிரி.

எதிர்த்துப் பேசினால் சரித்திரத்தைக் கையிலெடுப்பார். 1898இல் பெங்களூருக்கு பிளேக் வந்ததும், தடுப்பு வேலைக்காக டெலிபோன் கம்பி இழுத்ததும், நெரிசலைக் குறைக்க பசவனகுடி, மல்லேஸ்வரம் என்று ஊர் விரிந்ததும் அவருக்குச் சொந்தக் குடும்பக் கதை மாதிரி. "நீ மல்லேஸ்வரத்துல நின்னு டிபன் சாப்பிட்டுக்கிட்டு போன்ல பேசறியே, ரெண்டுமே பிளேக் புண்ணியம்."

அதைவிட அவருக்குப் பிடித்தது ரொனால்ட் ராஸ் கதை. 1883இல் ராஸ் பெங்களூரில் ராணுவ டாக்டர். பங்களாவில் கொசுத் தொல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தொட்டி. எட்டிப் பார்த்தால் உள்ளே நெளிகிற புழுக்கள். கவிழ்த்தார், கொசு குறைந்தது. மெஸ்ஸில் இருக்கிற தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று ஓர் அதிகாரியிடம் போய்ச் சொன்னார். கொசுவையும் ஏதோ காரணத்துக்காகத்தான் படைத்திருக்கிறது, பொறுத்துக்கொள்வதே கடமை என்று மறுத்துவிட்டாராம் அவர்.

"அந்த ஆபீசர்தான் தம்பி, இந்த ஊரோட முதல் அபார்ட்மென்ட் செகரட்டரி. 1902ல நோபல் பரிசு வாங்கப்போற மனுஷன் பேச்சே எடுபடலை. என் பேச்சு எங்க எடுபடும்?"

இத்தனை சரித்திரம் தெரிந்தவரை 2024 சறுக்க வைத்தது.

அந்த வருஷம் மார்ச்சில் போர்வெல்கள் வறண்டன. டேங்கர்காரர் போனை எடுத்தால் அதிர்ஷ்டம். குடிநீரில் கார் கழுவினால், தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். அங்கிள் டார்ச்சை வைத்துவிட்டு விசில் எடுத்தார். அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு. துணி அலசிய தண்ணீர் பாத்ரூமுக்கு. ஏசியில் சொட்டுவதற்குக்கூட பக்கெட். "வர்றப்ப பிடிச்சு வைங்க, இல்லாதப்ப என்னைக் கேக்காதீங்க" என்று வீடு வீடாகப் போனார். எங்கள் கிராஸ் முழுக்க நீல டிரம்கள் முளைத்தன. என் வீட்டில் இரண்டு.

ஜூனில் மழை வந்தது, கூடவே டெங்கு. அங்கிள் விசிலை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். மார்ச்சில் நிரப்பச் சொன்ன டிரம்மையே ஜூலையில் கவிழ்க்கச் சொன்னார். முனகிக்கொண்டே கவிழ்த்தார்கள், மறுநாள் டேங்கர் வரவில்லை, மறுபடி பிடித்தார்கள். செப்டம்பரில் கர்நாடகம் டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்தது. கொசு வளர விடும் நகர வீடுகளுக்கு 400 ரூபாய் அபராதம். அந்தச் செய்தியை மடித்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார் அங்கிள்.

மாடி வீட்டு அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழியை மறித்தார். "கொட்டினா ஐயாயிரம், சேத்தா நானூறா? நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க அங்கிள், எது லாபம்?"

குவாலிட்டி கண்ட்ரோல் முதல்முறையாகப் பதில் இல்லாமல் நின்றது. தண்ணீர் தினமும் வருகிற வீட்டில் டிரம் எதற்கு? நம்பகமாக வராத தண்ணீரைத்தான் பிடித்து வைக்கிறோம். பிடித்து வைத்ததில்தான் கொசு வளர்கிறது. அந்த அம்மா கேட்டது நியாயம் என்று அங்கிளின் மங்கி கேப்புக்கே புரிந்துவிட்டது.

அப்போது கீழே அங்கிள் வீட்டு ஜன்னலிலிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது. "கொட்டவும் வேணாம், கும்பிடவும் வேணாம். ஒரு தட்டைப் போட்டு மூடுங்கன்னு நாப்பது வருஷமாச் சொல்றேன்."

உண்மை. ஆன்ட்டியின் சமையலறையில் மூடாத பாத்திரத்தை நான் பார்த்ததில்லை. பாலுக்கு ஒரு தட்டு, குடத்துக்கு ஒரு தட்டு, அந்தத் தட்டு நகராமல் மேலே ஒரு சொம்பு. ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் புரட்டிப் பார்த்த அங்கிள் தன் வீட்டுக் குடத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு டார்ச்சோடு ஒரு மூட்டையும் வந்தது. உள்ளே பழைய புடவைத் துண்டுகளும் சைக்கிள் டியூபை வெட்டிய வளையங்களும். டிரம் வாயில் துணியை இரண்டாக மடித்து விரித்து, டியூபை மாட்டி, விரலால் தட்டிப் பார்த்தார். தபேலா மாதிரி சத்தம் வந்தால் பாஸ். தொங்கினால் ரிஜெக்ட், மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். "வாரம் ஒரு நாள் காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவிடுங்க. முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காயும், தண்ணி பட்டா எழுந்துரும்."

அன்று ஒருவரும் ஒளியவில்லை. மாலைக்குள் கிராஸில் எல்லா டிரம்மும் ஆன்ட்டியின் புடவை கட்டி நின்றன. மாடி வீட்டு டிரம் மட்டும் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. பச்சை உடல், ஜரிகைக் கரை.

"இது எந்தப் புடவை அங்கிள்?"

"என்னவோ, பீரோவுல அடியில கிடந்தது. நெசவைப் பாரு தம்பி, எவ்வளவு நெருக்கம்! கொசு என்ன, அதோட மூக்குகூட நுழையாது."

தடவிப் பார்த்தேன். மைசூர் சில்க்.

ராத்திரி எட்டு மணிக்கு கரண்ட் போயிருந்தது. கீழ்வீட்டில் பீரோ திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், மறுபடி திறக்கிற சத்தம். பால்கனியிலிருந்து குனிந்து பார்த்தேன். அங்கிள் இருட்டில் திண்ணையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். டார்ச் ஆன்ட்டி கையில் இருந்தது.