எதிர் மரை

பைக் செயின் தொங்கிப்போனால் இறுக்க வேண்டும். செயினை இறுக்க வேண்டுமென்றால் பின் சக்கர ஆக்ஸில் நட்டைத் தளர்த்த வேண்டும். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், நட்டு அரைச் சுற்று வந்தால் போதும். இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் சமமாகத் திருகி, செயின் நடுவில் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆடுகிறதா என்று விரலால் தூக்கிப் பார்த்து, மறுபடி நட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. வண்டியோடு தந்த கையேட்டில் இது அரைப் பக்கம். அதுவும் படம் போட்டதால்.

கையேடு எழுதியவர் கணக்கில் எடுக்காத ஆள் ஒருவர் இருக்கிறார். போன தடவை அந்த நட்டை முடுக்கியவர். என் வண்டிக்கு அவர் ஒரு பஞ்சர் கடைக்காரர். ஸ்பானரை மாட்டி, சீட்டைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் ஏறி நின்று ரெண்டு குதி குதித்தார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். ஓடுகிற வண்டியில் சக்கரம் கழன்றால் பேர் கெடுவது அவருக்கு. நட்டு கழலாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்வது எனக்கு. யாராக இருந்தாலும் குதிக்கத்தான் செய்வார்கள்.

இயற்பியலும் அவர் கட்சி. நட்டை முடுக்க நாம் போடும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் உருப்படியாக இழுத்துப் பிடிக்கிற வேலையைச் செய்கிறது. மற்றதெல்லாம் மரையிலும் வாஷர் மேலும் உராய்ந்தே தீர்ந்துபோகும். அதற்குமேல் ஒரு ஐப்பசி மழை. இரும்பு துருவானால் முன்னிருந்ததைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் இடம் ஏது? இருக்கிற சந்தில் ஆப்பாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டு உபயோகத்துக்கென்று வாங்குகிற எட்டு ஸ்பானர் செட் 6-7-இல் தொடங்கி 20-22-இல் முடிந்துவிடும். என் நட்டு 24. ஸ்க்ரூ ஸ்பானரை வைத்து முயலலாம்தான். ஆனால் அது வழுக்கி வழுக்கி ஆறு மூலையையும் மழுங்கடித்துவிட்டால் அப்புறம் உளி, வெல்டிங் என்று கதை வேறு பக்கம் போய்விடும். ஆறு மூலையையும் கவ்வுகிற ரிங் ஸ்பானர்தான் வேண்டும்.

நாங்கள் இருப்பது கரூரில். பஸ் பாடி கட்டுகிற ஊர் என்பதால் தெருவில் பாதிப் பேருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும். மீதிப் பேருக்கு யோசனை சொல்லத் தெரியும். எதிர்வீட்டுப் பெரியவருக்கு இரண்டும் தெரியும். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். 24-27 ரிங் ஸ்பானர் அவரிடம் இருந்தது. ஸ்பானரைத் தனியாக அனுப்பும் வழக்கம் அவருக்கு இல்லை, கூடவே வந்தார்.

வந்ததும் சொன்னார்: "தம்பி, இது லெஃப்ட் சைடு. எதிர் மரைங்க. வலது பக்கம் திருகோணும்."

பஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரி. பழைய பஸ்களில் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர் மரைதான். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் நட்டு கழன்றுவிடக் கூடாதென்று அப்படிச் செய்தார்கள். பைக்கில் ஆக்ஸில் சுற்றுவதே இல்லை. அது சும்மா நிற்கும், பேரிங் மேல் சக்கரம்தான் சுற்றும். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையைத் துடைத்து, அது ஏறும் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தார். "தப்பாப் போட்டுட்டானுங்க" என்றார்.

இதற்குள் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த இன்னொருவர் ஸ்போக் வழியாகப் பார்த்துவிட்டு, நான் தலைகீழாகத் திருகுவதாக அறிவித்தார். அங்கிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "ரெண்டு சொட்டு விடு கண்ணு, இளகிரும்." மார்கழிக் காலை. எண்ணெய் கிண்ணத்திலேயே உறைந்திருந்தது. தேங்காய் எண்ணெய் உறைவதும் 24 டிகிரியை ஒட்டித்தான். அந்த எண்ணுக்கும் எனக்கும் ஏதோ ஜாதகக் கோளாறு. அவளைச் சமாதானப்படுத்திவிட்டு டபிள்யூடி-40 அடித்தேன். அமெரிக்காவில், சான் டியேகோவில், 1953-இல் ஒரு சின்னக் கம்பெனி ஏவுகணைக்குத் துருப்பிடிக்காமலிருக்கக் கண்டுபிடித்த சரக்கு அது. நாற்பதாவது தடவைதான் கலவை சரியாக வந்தது, அந்த எண்ணையே பெயராகவும் வைத்துவிட்டார்கள். அட்லஸ் ஏவுகணைக்குப் பூசியதை என் நட்டுக்கும் பூசி, சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டி ஊற விட்டேன். ஊறுகிற நேரத்தில் நாலு பேர் வந்து, டீசல் விட்டிருந்தால் இந்நேரம் கழன்றிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் மிதி. ஸ்பானர் பிடி இடது கைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமாறு மாட்டினால், கீழே மிதிக்க மிதிக்க நட்டு கழலும் பக்கம் சுற்றும். சென்டர் ஸ்டாண்டில் வைத்து மிதித்தால் வண்டி நம் மேலேயே சாயும். அதனால் இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, மனைவி சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டாள். ஆக்ஸிலின் மறுமுனை கூடவே சுற்றாமல், ஸ்க்ரூ ஸ்பானரால் பிடித்து ஸ்விங் ஆர்மில் முட்டுக் கொடுத்தேன். என் எடை சுமார் 70 கிலோ, ஸ்பானர் நீளம் ஒரு அடி. ஏறி நின்றால் 200 நியூட்டன் மீட்டர். நட்டு அசையவில்லை. "நான் வேணா இறங்கிக்கட்டுமாங்க?" என்றாள் மனைவி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பலத்தைக் கூட்ட முடியாது, நீளத்தைக் கூட்டலாம். மொட்டை மாடியில் துணி காயப்போடும் இரும்புக் குழாய் ஸ்பானரின் 27 பக்கத்து வளையத்துக்கு மேல் சரியாக நுழைந்தது. இப்போது ஒரு மீட்டர். அதன் நுனியில் நாற்பது கிலோ அழுத்தினாலே 400. மெதுவாக அழுத்தினேன். ஏதோ கொடுக்கிறது, அது நட்டா ஸ்பானரா என்று தெரியாத ஒரு நொடி வரும். வயிற்றுக்குள் என்னமோ செய்யும். 'டக்'கென்று ஒரு சத்தம், கூடவே ஒரு கிறீச். வாஷர் ஓரத்திலிருந்து செங்கல் பொடி நிறத்தில் துரு உதிர்ந்தது. அதன்பின் கையாலேயே சுற்ற முடிந்தது.

செயின் வேலை ஐந்து நிமிஷம். பிரச்சினை திரும்ப முடுக்குவதில் வந்தது. கையேடு 70 நியூட்டன் மீட்டர் என்றது. அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை. கணக்குப் போட்டேன். ஒரு அடி நீள ஸ்பானர் நுனியில் 24 கிலோ நின்றால் ஏறக்குறைய 70. மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகளின் பள்ளி மருத்துவ அட்டையைப் பார்த்தேன்: 24 கிலோ. ஸ்பானரைத் தரைக்குச் சமமாக வைத்து, இரண்டு கையையும் பிடித்து அவளை நுனியில் ஏற்றினேன். நட்டு கொஞ்சம் சுற்றி நின்றது. "இன்னொரு வாட்டி குதிக்கட்டுமாப்பா?" என்றாள். பஞ்சர் கடைக்காரர் நினைவு வந்தது. சட்டென்று தூக்கி இறக்கிவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. பஸ் சக்கர நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர் சர்வசாதாரணம். அதற்குப் பழகிய கை அவருடையது. குழந்தை ஏறி முடுக்கிய நட்டை அவர் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரை வாங்கிக்கொண்டு போனார். குழாயையும் கேட்டார், ஏதோ வேலை இருப்பதாக. கொடுத்தேன்.

மறுநாள் காலையில் குழாயைத் திருப்பித் தந்தார்.

"ராத்திரி கேட் திறந்துதான் கெடந்துச்சுங்க தம்பி. நல்லா டைட் வெச்சுட்டேன். இனி கழலவே கழலாது."