வாவித் தீவுக்கு எட்டு இசைத்தட்டு

கண்டியில் இருப்பவனுக்கு ஆளில்லாத் தீவைத் தேடிக் கடலுக்குப் போகிற வேலை இல்லை. வாவியின் நடுவிலேயே ஒன்று இருக்கிறது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்து இந்த வாவியைக் கட்டத் தொடங்கியபோது அமைந்த தீவு. ராணிமார் நீராடிய இடம் என்று ஊர் சொல்லும். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அதற்குள் வெடிமருந்தை வைத்துப் பூட்டினார்கள். இப்போது நீர்க்காகங்கள் குடியிருக்கின்றன. வாடகை எதுவும் கொடுப்பதாகத் தெரியவில்லை.

ஊரிலிருந்து பிரித்து வைக்கும் சிறைவாசம் பிறகு அந்த அரசனுக்கே வாய்த்தது. 1815இல் பிடிபட்டு, வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு, 1832இல் அங்கேயே காலமானார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877இல். ஆகவே “மகாராஜா, கையோடு எந்தெந்த இசைத்தட்டை எடுத்து வைக்கட்டும்?” என்று அவரை யாரும் கேட்டிருக்க வழியில்லை.

அதைக் கேட்பதையே தொழிலாக்கியது பிபிசி வானொலி. 1942 ஜனவரியில், உலக யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, ரோய் ப்ளொம்லி என்பவர் தொடங்கிய நிகழ்ச்சி இன்னும் ஓடுகிறது. பிரபலமான ஒருவரை மனதளவில் தீவில் இறக்கிவிடுவார்கள். எட்டு இசைத்தட்டு கொண்டுபோகலாம். பைபிளும் ஷேக்ஸ்பியரும் அங்கே தயாராக இருக்கும், மேலதிகமாக ஒரு புத்தகம். சொகுசுக்கு ஒரு பொருள். அது உயிரில்லாததாகவும், தீவிலிருந்து தப்ப உதவாததாகவும் இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை எங்கள் வாவிக்கரை நடைக் கோஷ்டியின் நடுவில் போட்டேன். ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டொக்டருக்குப் பயந்து நடக்கிறவர்களுக்கு அது நீண்ட தூரம். வாய்க்கு வேலை இருந்தால் காலுக்குத் தெரியாது.

பென்ஷன் எடுத்த தமிழாசிரியர் முந்திக்கொண்டார். “மொதல்ல எம்.எஸ். அம்மாவோட சுப்ரபாதம். 1963 ரெக்கார்ட். மத்ததெல்லாம் அப்புறம்.”

“சேர், அது பெருமாளை எழுப்புறது. தீவுல யார எழுப்பப் போறீங்க?”

“என்னையத்தான்.”

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வேரூன்றிவிட்ட ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி நின்றார். முக்கியமான விஷயத்தை அவர் நடந்துகொண்டு சொல்வதில்லை. “தெட்சணாமூர்த்தியின்ர தவில் இல்லாமல் நான் படகில ஏறமாட்டன்.” எட்டுமா என்றேன். எட்டும்தான். எசல பெரஹரா வந்தால் பத்து இரவுக்குக் கரையிலிருந்து மேளம் சும்மாவே வருமே என்று நினைவூட்டினேன். “அது பத்து நாள். மிச்ச வருசத்துக்கு?” என்றார். நியாயம்தான்.

கோஷ்டியில் இளையவர், அதாவது ஐம்பத்தைந்து வயதுக்காரர், இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ என்றார். தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணமாக ராஜா 1986இல் போட்ட தொகுப்பு. பாட்டு வரிகளே இல்லாத இசை. அவர் வீட்டு நிலவரம் தெரிந்தவர்கள் காரணம் கேட்கவில்லை.

கவனித்தீர்களா, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யை ஒருவரும் சொல்லவில்லை. கலியாண வீட்டில் அந்தத் தாளம் கிளம்பியதும் முதலில் ஆடுகிற கால் யாருடையது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். சேருடையது. தீவுப் பட்டியல் என்பது தீவுக்காகப் போடுவதில்லை, கரையில் நிற்பவர்கள் பார்க்கப் போடுவது. இந்த விஷயத்தில் நான் மதிக்கும் ஒரே ஆள் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் என்ற ஜெர்மன் பாடகி. 1958இல் பிபிசிக்காரர்கள் கேட்டபோது அவர் சொன்ன எட்டில் ஏழு அவரே பாடியவை. அந்த அம்மா யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

என் முறை வந்தபோதுதான் சிக்கல். எனக்கு ‘தொகுப்பு’ என்று எதுவுமே இல்லை. எங்கள் வயதுக்காரர்களுக்குப் பாட்டு அப்படி வந்து சேரவில்லை. திருகோணமலை வீதிப் பக்கம் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. கொப்பித் தாளில் பாட்டுகளை எழுதி, ஒரு கசெட்டையும் சேர்த்துக் கொடுத்தால், அடுத்த கிழமை வரச் சொல்வார்கள். அறுபது நிமிடக் கசெட்டா தொண்ணூறா என்பது குடும்பத்தில் பேசி எடுக்கிற முடிவு. தொண்ணூறில் பாட்டு அதிகம், ஆனால் நாடா மெல்லியது. சிக்கினால் பேனையைப் பல்சக்கரத்துக்குள் விட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். கடைசிப் பாட்டு சரணத்தோடு நின்றுவிடும். கேட்ட பாட்டு கடையில் இல்லையென்றால் கடைக்காரர் தனக்குப் பிடித்ததைப் போட்டு இடத்தை நிரப்புவார். அவர் பி.பி. ஸ்ரீனிவாஸ் பக்தர். குத்துப்பாட்டுக்கு எழுதிக் கொடுத்த இடத்தில் ஸ்ரீனிவாஸ் சோகமாக வந்து நிற்பார். சண்டைக்குப் போகத்தான் நினைத்தேன். இரண்டு வாரம் கேட்டதில் மனம் மாறிவிட்டது. இப்போது அந்தக் கசெட்டிலிருந்து எனக்கு நினைவிருப்பது நான் கேட்காத பாட்டுகள் மட்டும்தான்.

மற்றதெல்லாம் வானொலி கொடுத்தது. அதிலும் பேராதனைக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் படையினருக்காக நிறுவிய பலம்வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி யுத்தத்துக்குப் பிறகு இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1952இல் இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டு கூடாதென்று அகில இந்திய வானொலியை அடக்க, தமிழ்நாடே எங்கள் பக்கம் காதைத் திருப்பியது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் போட்டதை நாங்கள் கேட்டோம். ரெக்கோட் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்து பிடித்த பாட்டுகளில் பல்லவிக்கு மேலேயே அறிவிப்பாளர் நேரம் சொல்லியிருப்பார். இன்று அதே பாட்டைத் தொலைபேசியில் துல்லியமாகக் கேட்கும்போது, ஏழு மணி பதினைந்து நிமிடம் எங்கே போனது என்றுதான் மனம் தேடுகிறது.

ஆளில்லாத் தீவு வாழ்க்கைக்கு ஒத்திகையும் பார்த்தாயிற்று. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 மார்ச்சில் கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை, கரண்ட் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இல்லை. தொலைபேசிக்குள் ஆயிரம் பாட்டு இருந்தும், சார்ஜ் போய்விடுமென்று ஒன்றைக்கூடப் போடவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த பழைய டிரான்சிஸ்டரை இறக்கி, நாலு டோர்ச் பெட்டரி போட்டோம். அதுதான் பாடியது. என் மனைவி அதன் பிறகு எந்தத் தீவுக் கதைக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: “அங்க கரண்ட் இருக்கா?”

ஆகவே கோஷ்டியிடம் என் முடிவைச் சொன்னேன். எனக்கு இசைத்தட்டு ஒன்றும் வேண்டாம். சொகுசுப் பொருளாக அந்த டிரான்சிஸ்டர் போதும். உயிரில்லாதது. அதைப் பிடித்துக்கொண்டு எவனும் எங்கிருந்தும் தப்பியதாக வரலாறு இல்லை.

“இதை ஒத்துக்கொள்ளேலாது,” என்றார் வங்கிக்காரர். “அதில ஆரோ போடுறதைத்தானே கேப்பீர்? நீர் தெரிஞ்செடுக்கிறது எங்க?”

“அதுக்காகத்தான் அதக் கேக்கிறேன்.”

சேர் இதில் கலந்துகொள்ளவில்லை. தலதா மாளிகைப் பக்கத்து மதிலோரம் நின்று சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். சுப்ரபாதத்துக்குப் பிறகு பத்தொன்பது தட்டுகள் எழுதியிருந்தார்.

“அப்ப ஒங்க எட்டு எடமும் சும்மாதானே கெடக்கு?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும் முன் என்னிடம் பேனையையும் கேட்டார்.